நள்ளிரவு மூச்சுத் திணறலும் தூசி உறிஞ்சும் எந்திரமும்

இரவு மணி இரண்டு. வீட்டில் எல்லோரும் உறங்குகிறார்கள். திடீரென்று ஒருவர் எழுந்து உட்காருகிறார். நெஞ்சு படபடவென்று அடித்துக் கொள்கிறது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சுப் போதவில்லை. உடம்பெல்லாம் வியர்வை. சன்னலைத் திறக்கிறார், வாசற்படியில் போய்க் காற்றாட உட்காருகிறார். சற்று நேரத்தில் எல்லாம் அடங்கி விடுகிறது. காலையில் மருத்துவரிடம் போனால் நாடி சீராக இருக்கிறது. மூச்சும் சீராக இருக்கிறது. "ஒன்றுமில்லை, மனக்கவலையாக இருக்கும்" என்ற பதிலோடு வீடு திரும்புகிறார்.

என் தாய்மாமனுக்குப் பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. அவர் லாரி ஓட்டுநர். "அமுக்குவான் பேய் வந்து நெஞ்சில் உட்காருகிறது" என்று சொல்லிப் பாட்டி அவருக்குக் கயிறு மந்திரித்துக் கட்டினார். அப்போது இயற்பியல் முதுகலை படித்துக் கொண்டிருந்த நானோ, "வாயுக் கோளாறுதான் மாமா, சீரகத் தண்ணீர் குடியுங்கள்" என்றேன். பாட்டியின் கயிற்றைவிட என் அறிவியல் ஒன்றும் உயர்ந்ததாக இல்லை! அவருடைய குறட்டை எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கைப் பொருள். ஒரு நாள் விடியற்காலையில், ஓட்டும்போதே அவர் கண் அயர்ந்து விட்டார். லாரி சாலையோரப் புளியமரத்தில் உரசி நின்றது. நல்லவேளையாக யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. அதன் பின்னர்தான், உறங்கும்போது அவரைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு மருத்துவருக்குத் தோன்றியது.

இன்று மாமாவின் தலைமாட்டில் ஒரு சிறு எந்திரம் இருக்கிறது. இரவு முழுவதும் அது அவர் மூக்கினுள் மெல்லக் காற்றை ஊதிக் கொண்டிருக்கிறது. இந்த எந்திரத்தின் வரலாற்றைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். நள்ளிரவு மூச்சுத் திணறலுக்கு முதன்மையான இரு காரணங்கள் உண்டு. ஒன்று இதயத்தில் உள்ளது, மற்றொன்று தொண்டையில் உள்ளது. 1936-இல் முதல் வகைக்கும், 1980-இல் இரண்டாம் வகைக்கும், வீடு கூட்டப் பயன்படும் தூசி உறிஞ்சும் எந்திரத்தையே மருத்துவர்கள் கையில் எடுத்தனர்! அந்தக் கதையைத்தான் இங்குக் காணப் போகிறோம்.

சாட்சி இல்லாத நோய்

இந்நோயை அறிவதில் ஒரு பெரிய இடையூறு உண்டு. அது வரும் நேரத்தில் மருத்துவர் அருகில் இருப்பதில்லை. நோயாளியோ உறங்கிக் கொண்டிருக்கிறார். தனக்கு என்ன நேர்ந்தது என்பதை அவராலும் சொல்ல முடியாது. விழித்த பிறகு உள்ள நிலைதான் அவருக்குத் தெரியும்.

நோயாளியே மருத்துவராகவும் இருந்தால்? இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு நகரில் வாழ்ந்த ஜான் ஃபிளாயர் அப்படிப்பட்டவர். ஆஸ்துமாவினால் நெடுங்காலம் துன்பப்பட்ட அவர், 1698-இல் அந்நோயைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முதல் உறக்கம் கலையும் வேளையில், நள்ளிரவு கடந்து ஒன்று, இரண்டு மணிக்கு நோய் தாக்குவதை அவர் தம் அனுபவத்திலிருந்தே எழுதினார். இதே ஃபிளாயர்தாம் நாடித்துடிப்பை எண்ணுவதற்கென்றே சரியாக ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தைச் செய்வித்து, 1707-இல் அதைப் பற்றியும் ஒரு நூல் எழுதியவர். நாடியைக் கையால் பிடித்துப் பார்த்தால் மட்டும் போதாது, எண்ணிப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்.

ஆயினும் அக்காலத்தில் மூச்சு முட்டினால் எல்லாமே 'ஆஸ்துமா'தான். காரணம் நுரையீரலிலா, இதயத்திலா, தொண்டையிலா என்று பிரித்துப் பார்க்க வழி இல்லை. 1816-இல் பாரிசில் லேனெக் இதயத்துடிப்புமானியைக் கண்டுபிடித்த பிறகே மருத்துவர்கள் நெஞ்சுக்குள் எழும் ஒலிகளைத் தெளிவாகக் கேட்டனர். 1830-களில் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் ஹோப், நள்ளிரவில் வரும் மூச்சுத் திணறல்களுள் ஒரு வகை இதய நோயினால் உண்டாவது என்று விளக்கினார். அது 'இதய ஆஸ்துமா' என்று பெயர் பெற்றது. பெயர் கிடைத்தது, ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. பகலில் மாடிப்படி ஏறிய போது வராத திணறல், இரவில் அசையாமல் படுத்திருக்கும்போது வருவானேன்?

படுத்தால் ஏன் மூச்சு முட்டுகிறது?

இதற்கு விடை உடலியலில் பாதியும் இயற்பியலில் பாதியும் இருக்கிறது.

நாம் நிற்கும்போது இதயத்திலிருந்து கணுக்கால் வரை ஏறக்குறைய 120 செ.மீ. உயரமுள்ள ஒரு குருதித் தூண் நிற்கிறது. தொட்டியின் அடியில் நீரழுத்தம் மிகுவதைப் போலக் கணுக்காலில் உள்ள குருதிக் குழாய்களில் அழுத்தம் மிகுதி. இதய வலிமை குறைந்தவர்களுக்குப் பகல் முழுவதும் காலில் உள்ள நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து தசைகளிடையே சேர்கிறது. மாலையில் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுவது இதனால்தான்.

இரவில் படுத்தவுடன் அந்தத் தூண் சாய்ந்து விடுகிறது. கால்களில் அழுத்தம் குறைகிறது. தசைகளிடையே தேங்கிய நீர் சிறுகச் சிறுகக் குருதிக்குத் திரும்புகிறது. ஓரிரு மணி நேரத்தில் குருதியின் கன அளவு கூடி விடுகிறது. நல்ல இதயம் இதை எளிதில் சமாளிக்கும். நலிந்த இதயத்தின் இடப்பக்கம் திணறுகிறது. தன்னிடம் வரும் குருதியை முழுவதும் வெளியேற்ற அதனால் முடிவதில்லை. வாய்க்காலில் மடை அடைத்தால் நீர் பின்னோக்கித் தேங்குவது போல, அழுத்தம் பின்னோக்கி நுரையீரலின் நுண்குழாய்கள் வரை ஏறுகிறது.

அங்கு என்ன நிகழ்கிறது என்பதற்கு அடிப்படை விதியை வகுத்தவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய காலத்தில், 1896-இல் அவர் இதை வெளியிட்டார். நுண்குழாயின் உள்ளே இருக்கும் குருதியழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. குருதியில் உள்ள புரதங்களோ சவ்வூடு பரவலால் நீரை உள்ளே இழுக்கின்றன. இவ்விரண்டும் நடத்தும் கயிறு இழுப்புப் போட்டியே நீரின் போக்கைத் தீர்மானிக்கிறது. நுரையீரலில் தள்ளும் அழுத்தம் வழக்கமாகப் பாதரச அளவில் 10 மி.மீ. அளவே, புரதங்களின் இழுப்பு ஏறக்குறைய 25 மி.மீ. ஆகவே நுரையீரல் நனையாமல் இருக்கிறது. தள்ளும் அழுத்தம் 25 மி.மீ. எல்லையைத் தாண்டினால் நீர் காற்றுப் பைகளுக்குள் கசியத் தொடங்கி விடும். அதுதான் நள்ளிரவில் நோயாளியை எழுப்புகிறது.

எழுந்து கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்ததும் குருதி மறுபடியும் கீழ்நோக்கி இறங்குகிறது. கால் மணி, அரை மணி நேரத்தில் திணறல் குறைகிறது. வாசற்படியில் அவரைக் குணப்படுத்தியது காற்று அன்று, புவியீர்ப்பு! அக்கால மருத்துவர்கள் இத்தகைய நோயாளிக்கு இரத்தத்தை வடித்து விட்டதும், கை கால்களில் கட்டுப் போட்டு இதயத்துக்குத் திரும்பும் குருதியைக் குறைத்ததும் ஓரளவு பயன் தந்ததற்குக் காரணம் இதுவே.

திருப்பி மாட்டிய எந்திரம்

ஸ்டார்லிங்கின் ஆய்வு வெளிவந்து 40 ஆண்டுகள் கழிந்தன. அதே கய்ஸ் மருத்துவமனையில் ஈ. பி. போல்ட்டன் என்ற மருத்துவர் இருந்தார். நுரையீரலில் நீர் கோத்த இதய நோயாளிகளின் துன்பத்தை நேரில் கண்டவர் அவர். நுண்குழாயின் உள்ளே அழுத்தம் கூடியதால்தானே நீர் வெளியே வருகிறது? அப்படியானால் வெளியிலிருந்து, அதாவது காற்றுப் பைகளின் பக்கத்திலிருந்து, எதிரழுத்தம் கொடுத்தால் என்ன?

அதற்கு இடைவிடாமல் காற்றை ஊதும் ஒரு கருவி வேண்டும். தூசி உறிஞ்சும் எந்திரம் ஒரு வாயில் காற்றை உறிஞ்சி மறு வாயில் வெளியே தள்ளுகிறது. குழாயைத் தள்ளும் வாயில் மாட்டினால் அதுவே ஊதும் எந்திரம் ஆகி விடுகிறது! போல்ட்டன் அந்தக் காற்றைக் குழாய் வழியாக நோயாளியின் முகமூடிக்குள் செலுத்தினார். வளிமண்டலத்தைவிடச் சற்றே மிகுந்த அழுத்தம், அவ்வளவுதான். 'நுரையீரல் மிகை அழுத்த எந்திரம்' என்று அதற்குப் பெயரிட்டு, 1936-இல் 'லான்செட்' இதழில் அதை விவரித்தார். அமெரிக்காவில் ஆல்வன் பாராக் என்பவரும் அதே ஆண்டுகளில் இம்முறையைக் கையாண்டார்.

இந்த அழுத்தம் மூன்று வகையில் உதவுகிறது. நீர் நிரம்பிச் சுருங்கிய காற்றுப் பைகளை விரித்துப் பிடிக்கிறது. நெஞ்சறைக்குள் அழுத்தத்தைக் கூட்டி, இதயத்துக்கு வந்து சேரும் குருதியின் அளவைக் குறைக்கிறது. நோயாளி மூச்சு விடப் படும் பாட்டையும் குறைக்கிறது.

இவ்வளவு எளிய முறை ஏன் பரவவில்லை? 1948-இல் கூர்னான் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும், மிகை அழுத்தத்தில் மூச்சு விடும்போது இதயம் வெளியேற்றும் குருதியின் அளவு குறையக்கூடும் என்று காட்டினர். மருத்துவர்கள் தயங்கினர். உடலிலுள்ள மிகை நீரைச் சிறுநீராக வெளியேற்றும் வலிய மருந்துகளும் 1950-களின் இறுதியிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. போல்ட்டனின் எந்திரம் மெல்ல மறக்கப்பட்டது.

சீட்டாட்டத்தில் உறங்கியவர்

இனி, இரண்டாம் வகையின் கதைக்கு வருவோம். இங்கே இதயம் தொடக்கத்தில் நன்றாகவே இருக்கும். பழுது வேறிடத்தில்.

1836-இல் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 'பிக்விக் பேப்பர்ஸ்' என்ற நாவலைத் தொடராக எழுதத் தொடங்கினார். அதில் ஜோ என்றொரு பருத்த சிறுவன் வருகிறான். நின்ற இடத்தில் உறங்குவான், குறட்டை விடுவான். படித்தவர்கள் சிரித்தார்கள். அது ஒரு நோயாக இருக்கலாம் என்று பொதுவாக எவரும் எண்ணவில்லை.

120 ஆண்டுகள் கழித்து, 1956-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவர் பர்வெல்லும் உடன் பணியாற்றியோரும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். அவர் 51 வயதான நிறுவன அதிகாரி, மிகவும் பருத்தவர். வாரந்தோறும் சீட்டாடுவது அவர் வழக்கம். ஒரு நாள் மூன்று ஏஸ், இரண்டு ராஜா என்று அருமையான சீட்டுகள் கைக்கு வந்தன. அவரோ சீட்டைக் கையில் பிடித்தபடியே உறங்கி விட்டார். ஆட்டம் கைநழுவிப் போயிற்று. அதன் பிறகே அவர் மருத்துவமனையை நாடினார். பர்வெல் குழுவினர் டிக்கன்சின் சிறுவனை நினைவு கூர்ந்து, இந்நோய்க்குப் 'பிக்விக் நோய்த்தொகுதி' என்று பெயர் சூட்டினர்.

பெயர் பொருத்தமானது, விளக்கம்தான் முழுமையானதன்று. பருத்த உடல் சரிவர மூச்சு விடுவதில்லை, குருதியில் கரியமில வாயு சேர்கிறது, அதன் மயக்கமே உறக்கம் என்று அவர்கள் கருதினர். பகலில் விழித்திருந்த நோயாளியைத்தான் அவர்கள் அளந்தனர். குற்றம் நடப்பதோ இரவில்!

உறங்கும் மனிதனை ஆராயும் கலையும் அப்போதுதான் வளர்ந்து கொண்டிருந்தது. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து 1929-இல் வெளியிட்டிருந்தார். 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும், உறக்கத்தினிடையே கண்கள் விரைந்து அசையும் ஒரு தனிப் பருவம் உண்டெனக் காட்டினர். அப்பருவத்தில் கை கால் தசைகள் ஏறக்குறைய முற்றிலும் தளர்ந்து விடுகின்றன. மூளை விழித்த பிறகும் சில நொடிகள் இந்தத் தளர்ச்சி நீடித்தால், நினைவு இருந்தும் அசைய முடியாது. நெஞ்சில் யாரோ ஏறி அமுக்குவது போலிருக்கும். பாட்டியின் அமுக்குவானுக்கு விளக்கம் இதுதான். ஆனால் மாமாவுக்கு வந்தது அதுவன்று. அவரால் எழுந்து நடக்க முடிந்ததே!

1965-இல் பிரான்சில் மார்சேய் நகரில் காஸ்தோவும் குழுவினரும், ஜெர்மனியில் ஃபிரைபர்க் நகரில் யுங், குலோ இருவரும், பிக்விக் நோயாளிகளின் மூளை அலைகளையும் மூச்சையும் இரவெல்லாம் சேர்த்துப் பதிவு செய்தனர். தாளில் தெரிந்த காட்சி திகைப்பூட்டியது. நெஞ்சும் வயிறும் மூச்சு வாங்க முயன்று அசைகின்றன. ஆனால் மூக்கிலோ வாயிலோ காற்றே இல்லை! பத்து நொடி, இருபது நொடி, சில வேளை ஒரு நிமிடம் வரை மூச்சு நின்று விடுகிறது. பிறகு மூளை ஒரு கணம் விழிக்கிறது, பெருங் குறட்டையுடன் காற்று உள்ளே பாய்கிறது, மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு. ஓர் இரவில் இது நூற்றுக்கணக்கான முறை நிகழ்ந்தது. காலையில் நோயாளியைக் கேட்டால், "நன்றாக உறங்கினேன்" என்பார்!

ஈரக் காகிதக் குழல்

தொண்டை ஏன் அடைகிறது? எளிய சோதனை ஒன்றால் இதை விளங்கிக் கொள்ளலாம். குளிர்பானம் உறிஞ்சும் காகிதக் குழல் ஒன்றை நீரில் ஊற வையுங்கள். பிறகு அதன் ஒரு முனையை விரலால் பாதி மூடி, மறுமுனையில் பலமாக உறிஞ்சுங்கள். குழல் நசுங்கி ஒட்டிக் கொள்ளும். எவ்வளவுக்கு வேகமாக உறிஞ்சுகிறீர்களோ அவ்வளவுக்கு இறுக அடைக்கும்.

மூச்சுக்குழலில் குருத்தெலும்பு வளையங்கள் உள்ளன. ஆகவே அது நசுங்குவதில்லை. ஆனால் மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரை உள்ள தொண்டைப் பகுதி வெறும் தசையால் ஆன குழாய். விழித்திருக்கும்போது தசைகள் அதை விரித்துப் பிடிக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. மூச்சை உள்ளிழுக்கும்போது குழாயினுள் அழுத்தம் வெளியழுத்தத்தைவிடக் குறைகிறது. கழுத்தில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும், தாடை சிறியவர்களுக்கும், உள்நாக்குச் சதை வளர்ந்த குழந்தைகளுக்கும் வழி முன்னமே குறுகல். சுவர்கள் அதிர்ந்தால் குறட்டை. ஒட்டிக் கொண்டால் மூச்சு நிறுத்தம்.

அடைப்பு நீடிக்கும்போது குருதியில் ஆக்சிஜன் குறைகிறது. கரியமில வாயு மிகுகிறது. மூளை அபாய மணி அடிக்கிறது. அட்ரினலின் சுரந்து குருதியழுத்தம் ஏறுகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. இத்தாலியில் போலோஞ்ஞா நகரில் லுகரேசியும் குழுவினரும் 1970-களின் தொடக்கத்தில், ஒவ்வோர் அடைப்பின்போதும் குருதியழுத்தம் எழுவதை அளந்து காட்டினர். பெரும்பாலான விழிப்புகள் நினைவில் நிற்பதில்லை. எப்போதோ ஒன்றில் நோயாளி முழுவதும் விழித்துக் கொள்கிறார். அப்போதுதான் படபடப்பும் திணறலும் அவருக்குத் தெரிகின்றன. அதாவது, மாமா அறிந்தது நூற்றில் ஒன்றை. அறியாதவை மற்ற தொண்ணூற்றொன்பது.

1976-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கில்லெமினோவும் உடன் பணியாற்றியோரும் இதற்கு 'உறக்க மூச்சு நிறுத்த நோய்த்தொகுதி' என்ற பொருள்படும் பெயரை நிலைநாட்டினர். பருத்தவர்களுக்கு மட்டுமின்றி ஒல்லியானவர்களுக்கும் அது வரலாம் என்பதும் தெரிந்தது.

நோய் தெரிந்தது, மருந்து? 1969-இல் குலோவும் குழுவினரும் கழுத்தில் துளையிட்டு, அடைபடும் தொண்டையைத் தவிர்த்து மூச்சுக்குழலுக்கு நேர் வழி அமைத்தனர். பகலில் துளையை மூடிக் கொள்ளலாம். இரவில் திறந்து விட வேண்டும். பலன் உடனே தெரிந்தது. ஆனால் வாழ்நாளெல்லாம் கழுத்தில் துளையோடு வாழ யாருக்கு மனம் வரும்? பல ஆண்டுகள் வரை வேறு நல்ல வழி இருக்கவில்லை.

சிட்னியில் ஓர் இரவு

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன், கனடாவின் டொராண்டோ நகரில் உறங்கும் நாய்களின் மூச்சைப் பற்றி ஆராய்ந்தவர். நாயின் மூக்குக்குப் பொருந்தும் முகமூடிகளை அங்கே பயன்படுத்தினார். ஊர் திரும்பியபின் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தொண்டைக்குள் அழுத்தம் குறைவதால்தான் சுவர்கள் ஒட்டுகின்றன. மூக்கின் வழியாகச் சற்று மிகை அழுத்தம் கொடுத்துக் கொண்டே இருந்தால் குழாய் விரிந்தே இருக்குமல்லவா? சைக்கிள் டியூப் காற்றடித்தால் விறைத்து நிற்பது போல!

1980 சூன் மாதம். கழுத்தில் துளையிட்டாக வேண்டும் என்ற நிலையில் இருந்த ஒரு நோயாளி, அதை விரும்பாமல் இச்சோதனைக்கு இசைந்தார். காற்று ஊத மறுபடியும் வந்து நின்றது தூசி உறிஞ்சும் எந்திரத்தின் மோட்டார்! முகமூடியை மூக்கின்மீது காற்றுப் புகாமல் ஒட்டி, ஊதும் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினர். ஓர் அளவில் அடைப்பு நின்றது. குறைத்தால் திரும்பியது, கூட்டினால் மறைந்தது. நோயாளி நீண்ட, ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்ந்தார். பகல் உறக்கமும் விலகிற்று.

1981 ஏப்ரலில் 'லான்செட்' இதழில் ஐந்து நோயாளிகளின் விவரம் வெளியாயிற்று. தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 செ.மீ. நீர்த்தூண் வரை மட்டுமே. இது எவ்வளவு? ஒரு சொம்பு நீரில் குழலின் முனையை 10 செ.மீ. ஆழத்தில் அமிழ்த்தி, குமிழி வரும்படி ஊதிப் பாருங்கள். அவ்வளவுதான்! வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. ஒரு குழந்தையாலும் ஊத முடிந்த காற்று, கழுத்தில் வெட்ட வேண்டிய கத்தியை விலக்கி விட்டது.

போல்ட்டனின் பழைய முறையும் புத்துயிர் பெற்றது. 1980-களிலும் 1990-களிலும், இதய நோயால் நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு முகமூடி வழியே மிகை அழுத்தக் காற்றுக் கொடுப்பது மீண்டும் ஆராயப்பட்டு, மருத்துவமனைகளில் இடம் பிடித்தது.

விரல் நுனியில் ஓர் ஒளி

சாட்சி இல்லாத நோய்க்கு ஒரு சாட்சி வேண்டுமல்லவா? அதைத் தந்தவர் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி. காது மடலின் ஊடே ஒளியைச் செலுத்தி இதயம் வெளியேற்றும் குருதியை அளக்க அவர் முயன்றார். நாடித்துடிப்பு ஒவ்வொரு முறையும் அளவீட்டைக் கலைத்தது. அந்த இடையூற்றை நீக்க முயன்றபோது, அதனுள்ளேயே வேறொரு செய்தி இருப்பதைக் கண்டார். ஆக்சிஜன் ஏற்ற குருதியும் இழந்த குருதியும் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் வெவ்வேறு அளவில் உட்கவர்கின்றன. துடிப்போடு மாறும் ஒளியை மட்டும் பிரித்தெடுத்தால், தமனிக் குருதியின் ஆக்சிஜன் அளவு கிடைத்து விடும். 1974-இல் அவர் இதை அறிவித்தார். 2020-இல் கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்கெல்லாம் வந்து சேர்ந்த விரல் நுனிக் கருவி இதன் வழி வந்ததே. அவோயாகி மறைந்ததும் அதே ஆண்டு ஏப்ரலில்தான். உறக்கச் சோதனைக் கூடத்தில் இக்கருவி இரவெல்லாம் விழித்திருந்து, ஆக்சிஜன் இறங்கி ஏறுவதைக் குறித்துக் கொள்கிறது.

நாம் அறிய வேண்டியவை

உலகில் 30 முதல் 69 வயது வரை உள்ளவர்களுள் ஏறக்குறைய 93 கோடிப் பேருக்குச் சிறிதளவேனும் இந்த மூச்சு நிறுத்தம் இருக்கக்கூடும் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் எல்லோருக்கும் தொல்லை இருப்பதில்லை.

காற்று ஊதும் எந்திரம் எல்லாவற்றுக்கும் தீர்வு என்று எண்ணி விடவும் கூடாது. 2016-இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ கண்டிருந்த 2,700-க்கு மேற்பட்டோரிடம் அது பகல் உறக்கத்தைக் குறைத்தது. வாழ்க்கை நலத்தைக் கூட்டியது. ஆனால் மேலும் மாரடைப்பு, பக்கவாதம் வருவதைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அவர்களுள் பலர் எந்திரத்தை இரவில் சில மணி நேரமே அணிந்திருந்தனர். அதுபோலவே, நுரையீரலில் நீர் கோத்த 1,069 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. மிகை அழுத்தக் காற்றுத் திணறலை விரைவில் குறைத்தது. இறப்பு விகிதத்தை மாற்றவில்லை. அறிவியல் தன் வெற்றிகளையும் அளந்தே சொல்ல வேண்டும்.

இரவில் திணறி எழுபவர்கள் சிலவற்றைக் கவனித்து மருத்துவரிடம் சொல்வது நல்லது. உட்கார்ந்த பின் கால் மணி, அரை மணி கழித்துத்தான் மூச்சுச் சீரடைகிறதா? கால் வீங்குகிறதா? தலையணையை உயர்த்தினால்தான் உறக்கம் வருகிறதா? அப்படியானால் இதயத்தைச் சோதிக்க வேண்டும். எழுந்த சில நொடிகளிலேயே மூச்சுச் சீராகி விடுகிறதா? பெருங் குறட்டை, காலைத் தலைவலி, இரவில் பல முறை சிறுநீர், பகலில் தீராத தூக்கம் உண்டா? அப்படியானால் தொண்டையைச் சந்தேகிக்க வேண்டும். விடியற்காலையில் நெஞ்சில் விசில் போன்ற ஒலியுடன் இருமல் வந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். இரைப்பை அமிலம் மேலேறுவதாலும், மனப் பதற்றத்தாலும்கூட இவ்வாறு விழிப்பதுண்டு. இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும். ஆகவே தாமே முடிவு கட்டுவது தவறு. நெஞ்சு வலியோ, நுரைத்த கோழையோ, அடங்காத திணறலோ இருந்தால் விடியும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்றொரு சோதனைக்குக் காசே வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் அரை மணி நேரம் விழித்திருந்து, உறங்குபவரின் மூச்சைக் கவனிக்க வேண்டும். குறட்டை திடீரென்று நின்று, மௌனம் நீண்டு, பிறகு பெரும் திணறலுடன் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். கைபேசியில் அதைப் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டலாம். எங்கள் அத்தை பல ஆண்டுகளாக அந்த மௌனங்களைக் கேட்டுக் கொண்டே இருந்திருக்கிறார். "அடுத்த மூச்சு வரும் வரை எனக்குத் தூக்கம் வராது" என்று பின்னால் ஒரு நாள் சொன்னார். அவரை யாரும் கேட்கவில்லை. குறட்டையைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

ஃபிளாயரிலிருந்து சல்லிவன் வரை ஏறக்குறைய 280 ஆண்டுகள். இத்தனை காலம் பிடித்ததற்குக் கருவிகள் இல்லாதது மட்டும் காரணமன்று. 1936-இலேயே ஊதும் எந்திரம் இருந்தது. எங்கே, எப்போது பார்க்க வேண்டும் என்பது தெரியாமல் இருந்ததே பெரிய காரணம். நோய் இரவில் இருக்க, பகலில் தேடிக் கொண்டிருந்தோம். இப்போது மாமாவின் அறையில் இரவு முழுவதும் எந்திரத்தின் மெல்லிய ஓசை மட்டும் கேட்கிறது. அத்தையும் உறங்குகிறார்.